கருணை மனுவுக்குத் தீர்ப்பு எழுதிய கவர்னர்

கேள்வி இதுதான்: மே தினக் கூட்டங்களில் சிகாகோ தியாகிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள், "சில ஆண்டுகள் கழித்து ஒரு கவர்னர் மிச்சமிருந்தவர்களை விடுதலை செய்தார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்களே, யார் அந்தக் கவர்னர்? ஏன் அப்படிச் செய்தார்? பிறகு அவர் என்ன ஆனார்?

அந்த ஒரு வரியை மேடையில் பல வருடங்கள் சொல்லிவந்தவன் நான். ஆகவே பதில் சொல்லும் கடமையும் எனக்கு இருக்கிறது.

அவர் பெயர் ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட். 1893 ஜனவரி முதல் 1897 ஜனவரி வரை, ஒரே ஒரு தவணை, இலினாய் மாநிலத்தின் கவர்னர். கவர்னர் என்றதும் டெல்லி நியமித்து அனுப்புகிறவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் கவர்னரை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்; அதிகாரத்தில் நம் முதலமைச்சரைப் போல. ஒரு கருணை மனுவில் அவர் பேனாவை வைக்கும்போது அடுத்த தேர்தலும் அவர் கண்முன் நிற்கும். இந்தக் கதைக்கு அது முக்கியம்.

1847 டிசம்பர் 30 அன்று ஜெர்மனியின் நாசாவ் பகுதியில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் கப்பலேறி, ஒஹாயோ மாநிலத்தில் மான்ஸ்ஃபீல்டு ஊருக்கு அருகே குடியேறியது. கண்டிப்பான தந்தை. பிள்ளை வயலில் நின்றால் போதும், படிப்பு எதற்கு என்ற கட்சி அவருடையது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864-ல், 16 வயதில், நூறு நாள் சேவைக்கென்று ஒஹாயோ திரட்டிய படையில் ஆல்ட்கெல்ட் சேர்ந்தார். வர்ஜினியாவில் போர்முனையைவிடக் காய்ச்சல்தான் அவரை அதிகம் வாட்டியது. ஊர் திரும்பிய பிறகும் அந்தக் காய்ச்சல் ஆயுள் முழுக்க அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. கவர்னராகப் பதவியேற்ற நாளிலும் உடம்பு ஒத்துழைக்காமல், உரையின் பெரும்பகுதியை வேறொருவர்தான் வாசித்தார்.

போரிலிருந்து வந்தபின் விட்ட படிப்பைப் பிடித்து, பள்ளிக்கூட ஆசிரியர் ஆனார். எம்மா ஃபோர்டு என்ற இன்னொரு ஆசிரியையை விரும்பினார். பெண் வீட்டில் ஒப்பவில்லை. கிளம்பிவிட்டார். மேற்கு நோக்கி, பெரும்பாலும் கால்நடையாக. ஆர்க்கன்சாவில் தண்டவாளம் போடும் கூலிகளோடு வேலை பார்த்தார். அங்கேயும் காய்ச்சலில் விழுந்தார். தேறி எழுந்து மிசோரி மாநிலத்தின் சவானா என்ற சிற்றூரில் ஒதுங்கினார். அங்கேதான் சட்டம் படித்து 1871-ல் வழக்கறிஞர் ஆனார். 1874-ல் அந்த மாவட்டத்தின் அரசு வழக்கறிஞராகத் தேர்தலிலும் வென்றார். அடுத்த வருடமே அதை உதறிவிட்டு சிகாகோவுக்கு ரயிலேறினார். 1877-ல் எம்மாவைக் கைப்பிடித்தார். காத்திருந்தவர்கள் இருவரும்தான்.

சிகாகோ அப்போது தீயில் எரிந்து, மீண்டும் எழும்பிக்கொண்டிருந்த நகரம். நிலம் வாங்கி, கட்டடம் எழுப்பி, விற்று ஆல்ட்கெல்ட் பெரும் பணக்காரர் ஆனார். டியர்பார்ன் தெருவில் 16 மாடியில் யூனிட்டி கட்டடம் என்று ஒன்றை எழுப்பினார். பெற்ற பிள்ளையைப் போல அதை நேசித்தார். இந்தக் கட்டடத்தைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

பணம் சேர்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், 1884-ல், தண்டனை முறையைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். ஏழைகளைப் பிடித்துச் சிறையில் தள்ளி, அங்கிருந்து குற்றவாளிகளாக்கி வெளியே அனுப்புகிற இயந்திரம் இது என்பது அதன் சாரம். அபராதம் கட்டக் காசில்லை என்பதற்காகவே ஒருவன் உள்ளே கிடக்கிறான் என்றால், அங்கே தண்டிக்கப்படுவது அவன் வறுமைதானே என்று கேட்டார். ஒஹாயோவின் ஆஷ்டபுலா என்ற ஊரில் ஒரு இளம் வழக்கறிஞர் அதைப் படித்துவிட்டு, சிகாகோவுக்கு வந்ததும் ஆசிரியரைத் தேடிப் போய்ப் பார்த்தார். அவர்தான் கிளாரன்ஸ் டாரோ. பின்னாளில் அமெரிக்காவின் மிகப் பெயர்பெற்ற வழக்கறிஞர். அந்த நட்பு ஆல்ட்கெல்டின் சவப்பெட்டி வரை கூடவே வந்தது.

இனி, அந்த வழக்கு. 1886 மே 1 அன்று எட்டு மணி நேர வேலை கேட்டு நாடு முழுவதும் லட்சக்கணக்கானோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சிகாகோதான் மையம். மே 3 அன்று மெக்கார்மிக் தொழிற்சாலை வாசலில் போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதைக் கண்டித்து மே 4 இரவு ஹேமார்க்கெட் பகுதியில் கூட்டம். மேயர் கார்ட்டர் ஹாரிசனே நேரில் வந்து கேட்டுவிட்டு, ஆபத்து ஒன்றும் இல்லை என்று பக்கத்துக் காவல் நிலையத்தில் இருந்த கேப்டன் பான்ஃபீல்டிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். மழை வரும் போலிருந்தது. கூட்டம் கரைந்து சில நூறு பேர்தான் மிச்சம். வண்டி ஒன்றின் மேல் நின்று சாமுவேல் ஃபீல்டன் பேச்சை முடித்துக்கொண்டிருந்தார். மேயர் போன சற்று நேரத்தில் பான்ஃபீல்டு ஏறத்தாழ 180 போலீசாரோடு அணிவகுத்து வந்து கலைந்து போகச் சொன்னார். அமைதியாகத்தானே இருக்கிறோம் என்றார் ஃபீல்டன். அப்போது எங்கிருந்தோ ஒரு வெடிகுண்டு வந்து போலீஸ் அணியின் நடுவே விழுந்தது. அதன் பிறகு சரமாரியாகத் துப்பாக்கிச் சூடு. போலீசார் 7 பேர் இறந்தார்கள். பொதுமக்களில் குறைந்தது 4 பேர்.

குண்டை எறிந்தவர் யார் என்று இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. ஆனால் அராஜகவாதிகள், அதாவது அரசே வேண்டாம் என்ற கொள்கைக்காரர்கள், 8 பேர் மீது கொலை வழக்கு நடந்து, 8 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ஸ்பைஸ், பார்சன்ஸ், ஃபிஷர், எங்கெல் நால்வரும் 1887 நவம்பர் 11 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். லிங் முதல் நாளே சிறையறையில் வெடியைக் கடித்து இறந்தார். ஃபீல்டனுக்கும் மைக்கேல் ஷ்வாபுக்கும் அப்போதைய கவர்னர் ஓக்லஸ்பி தூக்கை ஆயுளாகக் குறைத்தார். ஆஸ்கர் நீபேவுக்கு 15 ஆண்டு. இந்த மூவரும்தான் ஜோலியட் சிறையில் மிச்சமிருந்தவர்கள்.

மேடையில் நாங்கள் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். நால்வரையும் தூக்கிலிட்ட அந்த 1887-ல் ஆல்ட்கெல்ட் சிகாகோவில் நீதிபதியாக இருந்தார். முந்தைய ஆண்டு தேர்தலில் தொழிலாளர் ஆதரவோடு வென்றவர். ஊரில் பெரிய மனிதர்கள் பலர் கருணை காட்டச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது அவர் வாய் திறக்கவில்லை. நீதிபதி என்ற பதவி தடுத்ததா, அரசியல் கணக்கா, நாம் ஊகிக்கத்தான் முடியும். பிறவி வீரராக அவரைக் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

1892-ல் ஜனநாயகக் கட்சி அவரை கவர்னர் வேட்பாளராக்கியது. வென்றார். இலினாயில் வெளிநாட்டில் பிறந்த முதல் கவர்னர். உள்நாட்டுப் போருக்குப் பிறகு அந்த மாநிலத்தில் அக்கட்சியின் முதல் கவர்னரும் அவரே. இப்போது மூவருக்காக ஏறத்தாழ 60,000 கையெழுத்துகளோடு மனு வந்தது. கையெழுத்திட்டவர்களில் வங்கி முதலாளிகளும் வியாபாரிகளும் ஏராளம். ஏழு வருடம் ஆகிவிட்டது, நகரம் பயம் தெளிந்துவிட்டது, உலகக் கண்காட்சி வேறு நடக்கிறது, பாவம், விட்டுவிடலாம் என்ற மனநிலை. டாரோவுக்கோ பொறுமை இல்லை. இன்னும் ஏன் தாமதம் என்று வந்து வந்து நின்றார். ஆல்ட்கெல்ட் அவரிடம் சொன்னதன் சுருக்கம்: நான் அவர்களை விடுவித்தால் நீங்கள் எதிர்பார்க்கிற பாராட்டு கிடைக்காது, அன்றோடு அரசியலில் நான் செத்தவன்.

இந்த இடத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது. மனுவில் இரண்டு வகை வாதம் இருந்தது. குற்றவாளிகளாகவே இருந்தாலும் போதுமான தண்டனை அனுபவித்துவிட்டார்கள் என்பது ஒன்று. விசாரணையே முறைகேடு என்பது இன்னொன்று. முதல் வாதத்தை எடுத்துக்கொண்டு நாலு வரி எழுதியிருந்தால் பத்திரிகைகள் கவர்னரின் பெருந்தன்மையைப் புகழ்ந்திருக்கும். ஆல்ட்கெல்ட் அந்த வாசலையே மூடிவிட்டார். அவர்கள் உண்மையில் குற்றவாளிகள் என்றால் நான் தலையிட முகாந்திரம் இல்லை. விசாரணை நியாயமாக நடந்ததா என்பதே எனக்கு முன் உள்ள கேள்வி என்று தொடங்கினார். பிறகு ஒரு சிறு நூல் அளவுக்கு, வழக்கின் ஆவணங்களைப் பிரித்துப் போட்டு, வரிவரியாக எழுதினார்.

அதிலிருந்து சிலவற்றைக் காட்டுகிறேன். வழக்கமாக ஜூரிக்குரிய பெயர்களைப் பெட்டியிலிருந்து குலுக்கி எடுப்பார்கள். இந்த வழக்கில் ஹென்றி ரைஸ் என்ற சிறப்பு அலுவலர் ஒருவரை நியமித்து, அவரே ஆட்களைத் தேடிப் பிடித்து வரலாம் என்று விட்டுவிட்டார்கள். அவர் ஊரில் ஒரு வியாபாரியிடம், இந்த வழக்கை நடத்துவதே நான்தான், இவர்கள் தொங்குவது நிச்சயம், எதிர்த்தரப்பு நிராகரித்தே தீர வேண்டிய ஆட்களாகப் பார்த்து அழைத்து வருகிறேன் என்று பீற்றிக்கொண்டார். அந்த வியாபாரி பிரமாணப் பத்திரமே கொடுத்தார். ஜூரிக்காக விசாரிக்கப்பட்டவர்கள் 981 பேர். குற்றவாளிகள் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டேன் என்று வாயாலேயே சொன்னவர்களையும், இறந்த போலீசாரோடு உறவும் நட்பும் உள்ளவர்களையும்கூட நீதிபதி ஜோசஃப் கேரி தகுதியானவர்கள் என்று சொல்லி வைத்திருந்தார்.

நீபேவின் கதை இன்னும் கொடுமை. அவர் ஹேமார்க்கெட் கூட்டத்துக்கே போகவில்லை. தொழிலாளர் ஜெர்மன் நாளிதழ் ஒன்றில் அவருக்கு இரண்டு டாலர் பங்கு இருந்தது, வீட்டில் ஒரு சிவப்புக் கொடி இருந்தது. இவர் மேல் வழக்கே நிற்காது என்று அரசு வழக்கறிஞர் கிரின்னலே சொன்னதாக, மேயர் ஹாரிசன் எழுதிக் கொடுத்திருந்தார். ஆனாலும் விடவில்லை, ஒருவரை விட்டால் மற்றவர்கள் விஷயத்தில் ஜூரி தளர்ந்துவிடுமாம். நீபே உள்ளே இருக்கும்போதே அவர் மனைவி இறந்துபோனார்.

போலீஸ் பக்கத்தையும் ஆல்ட்கெல்ட் விடவில்லை. வெடிகுண்டு வேட்டை நடத்திப் பெயர் வாங்கிய கேப்டன் ஷாக், தானே இன்னும் சில அராஜகவாத சங்கங்களை ஆரம்பிக்க ஆசைப்பட்டார் என்று காவல்துறைத் தலைவராக இருந்த எபர்சோல்டே ஒரு பேட்டியில் சொல்லியிருந்ததை அப்படியே எடுத்துப் போட்டார். பான்ஃபீல்டின் ஆட்கள் முந்தைய வேலைநிறுத்தங்களில் வழிப்போக்கர்களைக்கூடத் தடியால் அடித்ததற்கான வாக்குமூலங்களைச் சேர்த்தார். அடிபட்ட யாரோ ஒருவன் பழி தீர்க்க எறிந்த குண்டாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்பது அவர் முடிவு.

கடைசிப் பகுதியில் நீதிபதி கேரியை நேரடியாகத் தாக்கினார். எனக்கு இது நெருடும் இடம். தன் சொத்து சம்பந்தமான ஒரு வழக்கில் ஆல்ட்கெல்ட் தோற்றிருந்தார். அதில் கேரிக்கும் பங்கு உண்டு. பழைய பகையைத் தீர்த்துக்கொண்டார் என்று எதிரிகள் சொல்ல அதுவே வசதியாகிவிட்டது. எல்லாப் பழியையும் கேரி தலையில் வைத்தது சரியில்லை என்றுதான் டாரோவும் பின்னாளில் நினைத்தார். அந்தப் பகுதி இல்லாமலேயே ஆவணம் தன் காலில் நின்றிருக்கும்.

1893 ஜூன் 26. முந்தைய நாள்தான் சிகாகோவை ஒட்டிய வால்ட்ஹைம் மயானத்தில் தூக்கிலிடப்பட்டவர்களுக்கு நினைவுச்சின்னம் திறந்திருந்தார்கள். அன்று காலை தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் பிராண்ட் விட்லாக் என்ற இளம் எழுத்தர் மூன்று விடுதலைப் பத்திரங்களை எழுதித் தயார் செய்தார். ஜோலியட் சிறைக்கு அவற்றை எடுத்துச் சென்றவர் டிரையர் என்ற வங்கி முதலாளி. வழக்குத் தொடர ஆதாரம் உண்டா என்று முதலில் பார்க்கும் குழுவுக்குப் பெரும் ஜூரி என்று பெயர்; 1886-ல் குற்றம் சாட்டி அனுப்பிய பெரும் ஜூரியின் தலைவரே அவர்தான். மனம் கேட்காமல் பின்பு விடுதலைக்காக அலைந்தவர். காகிதங்களைக் கையில் வாங்கியதும் அழுதுவிட்டார் என்கிறார்கள். மறுநாள் காலை விட்லாக் தெருவில் போகும்போது, குதிரையில் வந்த கவர்னரைப் பார்த்து, இனிமேல் புயல் அடிக்கும் என்றார். எதிர்பார்த்ததுதான், செய்யவேண்டிய நியாயத்தைத்தான் செய்தேன் என்று ஆல்ட்கெல்ட் சொன்னார். அதை அவ்வளவு கவலையில்லாமல் சொன்னதாகத் தோன்றவில்லை என்பது விட்லாக்கின் நினைவு. எனக்கு இந்தக் கடைசிக் குறிப்புதான் பிடிக்கும்.

அடித்தது புயல்தான். அவர் உடம்பில் ஒரு சொட்டு அமெரிக்க ரத்தமும் இல்லை என்று சிகாகோ டிரிப்யூன் எழுதியது. கார்ட்டூன்களில் கையில் தீப்பந்தமும் வெடிகுண்டும் கொடுத்தார்கள். கருணை காட்டச் சொல்லிக் கையெழுத்திட்டவர்களே அடங்கிப்போனார்கள். அவர்கள் கேட்டது மன்னிப்பு, கிடைத்ததோ தங்கள் நகரத்தின் நீதிமன்றத்தின் மீதே ஒரு குற்றப்பத்திரிகை. வெளியே வந்த மூவரில் ஃபீல்டன் கொலராடோவில் ஒரு பண்ணை வாங்கி ஒதுங்கி, 1922 வரை வாழ்ந்தார். ஷ்வாப் 1898-லேயே இறந்தார். நீபே 1916-ல்.

கவர்னராக அவர் செய்த மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். 1893-ல் கொண்டுவந்த தொழிற்சாலைச் சட்டம் 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஆலைகளில் வேலைக்கு வைக்கத் தடை போட்டது. பெண்களுக்கு எட்டு மணி நேரம் என்றது. தலைமை ஆய்வாளராக ஃப்ளாரன்ஸ் கெல்லி என்ற பெண்ணை நியமித்தார், அந்நாளில் கேள்விப்படாத காரியம். எட்டு மணி நேரப் பிரிவை 1895-ல் மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இலினாய் பல்கலைக்கழகத்துக்குப் பணத்தைக் கொட்டினார். கோட்டை கொத்தளம் போன்ற கல்லூரிக் கட்டடங்களில் அவருக்கு ஒரு மோகம், அவை இன்றும் அவர் பெயரால் நிற்கின்றன. சிகாகோ டிராம் முதலாளி சார்லஸ் யெர்க்ஸுக்கு நீண்டகால உரிமம் வழங்கும் மசோதாக்கள் 1895-ல் வந்தபோது, அவர் கையெழுத்துக்கு ஐந்து லட்சம் டாலர் பேரம் பேசப்பட்டதாக ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, மசோதாக்களைத் திருப்பி அனுப்பினார் என்பது பதிவான உண்மை. யூனிட்டி கட்டடம் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த நேரம் அது.

புல்மன் வேலைநிறுத்தத்தைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். ரயில் பெட்டி முதலாளி ஜார்ஜ் புல்மன், 1893 பொருளாதார மந்தத்தைக் காட்டிக் கூலியைச் சராசரி கால்வாசி வெட்டினார். தொழிலாளர்கள் குடியிருந்த கம்பெனி வீடுகளின் வாடகையை மட்டும் தொடவில்லை. 1894 மே மாதம் வேலைநிறுத்தம் தொடங்கியது. யூஜின் டெப்ஸின் ரயில்வே தொழிலாளர் சங்கம் ஜூன் 26 முதல் புல்மன் பெட்டிகள் ஓடும் ரயில்களைப் புறக்கணித்தது. விடுதலைப் பத்திரம் கையெழுத்தாகி சரியாக ஒரு வருடம். அதற்கு இரண்டு நாள் கழித்து, செப்டம்பரின் முதல் திங்கள்கிழமையைத் தொழிலாளர் தின விடுமுறையாக்கும் சட்டத்தில் ஜனாதிபதி கிளீவ்லாந்து கையெழுத்திட்டார்; அடுத்த வாரமே சிகாகோவுக்கு மத்திய ராணுவத்தை அனுப்பினார். அஞ்சல் தடைபடுகிறது என்பது காரணம். அவருடைய அட்டர்னி ஜெனரல் ஆல்னி, ரயில்வே கம்பெனிகளுக்கு வழக்காடி வளர்ந்தவர்.

கிளீவ்லாந்தும் ஆல்ட்கெல்டும் ஒரே கட்சி. ஆனாலும் ஆல்ட்கெல்ட் நீண்ட தந்திகள் அடித்தார். மாநிலத்தின் படை தயாராக இருக்கிறது, யாரும் உதவி கேட்கவில்லை, மாநில அரசைக் கேட்காமல் ராணுவம் வருவது அரசியல் சட்டத்துக்கே முரண், திரும்ப அழையுங்கள் என்றார். ஜனாதிபதியின் பதில்கள் சுருக்கமானவை. ஆபத்தான நேரத்தில் விவாதம் வேண்டாம் என்பது இரண்டாவதன் பொருள். ராணுவம் வந்த பிறகுதான் பெரிய கலவரமே மூண்டு, நூற்றுக்கணக்கான ரயில் பெட்டிகள் எரிந்தன. மேயர் கேட்டுக்கொண்டதும் ஆல்ட்கெல்ட் மாநிலப் படையை அனுப்பினார். அவர் ஒழுங்கைக் கைவிட்டவர் என்பது பொய். ஆகஸ்ட் மாதம் புல்மன் குடியிருப்புக்கு நேரில் போய் வீடு வீடாகப் பார்த்தார். ஏறத்தாழ 6,000 பேர் பட்டினி. வாடகையையாவது தள்ளுபடி செய்யுங்கள் என்று புல்மனுக்கு எழுதினார், அவர் மசியவில்லை. பிறகு கவர்னரே பொதுமக்களிடம் உதவி கேட்டு அறிக்கை விட்டார்.

1896-ல் சிகாகோவில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில் கிளீவ்லாந்தின் கொள்கைகளைக் கட்சியே தூக்கி எறிந்ததில் ஆல்ட்கெல்டின் கை பெரிது. வெளிநாட்டில் பிறந்ததால் அவர் ஜனாதிபதி ஆக முடியாது. வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் ஆனார். எதிரணி பிரையனைவிட ஆல்ட்கெல்டைக் காட்டித்தான் பயமுறுத்தியது. பிரையன் தோற்றார், கவர்னர் தேர்தலில் ஆல்ட்கெல்டும் தோற்றார். 1897 ஜனவரியில் புதியவர் பதவியேற்கும் விழாவில், பதவி விலகுகிறவர் பேசும் வழக்கமான உரைக்குக்கூட அவரை அனுமதிக்கவில்லை. எழுதி வைத்திருந்த தாள்கள் பையிலேயே இருந்தன.

யூனிட்டி கட்டடம் கையைவிட்டுப் போனது. 1899-ல் சுயேச்சையாக மேயர் தேர்தலில் நின்று மூன்றாவதாக வந்தார். கடைசியில் வாழ்க்கை நடத்த வழி கொடுத்தது டாரோவின் வழக்கறிஞர் அலுவலகம்தான்.

1902 மார்ச் 11 மாலை. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷாரை எதிர்த்த போயர்களுக்கு ஆதரவாக ஓர் அரங்கில் பேசி முடிக்கும் நேரத்தில் தலை சுற்றியது. மேடையிலிருந்து தாங்கி அழைத்துப் போனார்கள். மறுநாள் காலை இறந்தார். வயது 54. அந்த ஊர் ஜோலியட். மூன்று பேரை அவர் விடுவித்த சிறை இருக்கும் அதே ஊர்.

உடலை சிகாகோ பொது நூலகத்தில் வைத்தார்கள். பல்லாயிரம் பேர், பெரும்பாலும் உழைப்பாளிகள், வரிசையில் வந்து பார்த்துப் போனார்கள். இறுதிச் சடங்கில் டாரோவும், சிகாகோவின் சமூக சேவகி ஜேன் ஆடம்ஸும் பேசினார்கள். சென்னையில் சிங்காரவேலர் மே தினக் கொடியை ஏற்ற இன்னும் 21 வருடம் இருந்தது.

புதைத்த இடம் கிரேஸ்லாந்து மயானம். ஜார்ஜ் புல்மன் இருப்பதும் அங்கேதான். 1897-ல் அவர் இறந்தபோது, தொழிலாளர்கள் கோபத்தில் தோண்டி எடுத்துவிடுவார்களோ என்று பயந்து, குழிக்குள் கான்கிரீட்டைக் கொட்டி, மேலே தண்டவாள இரும்பைக் குறுக்கே போட்டு மூடினார்கள். ஆல்ட்கெல்டின் குழிக்கு வெறும் மண்தான்.